கம்ப்யூட்டர் 91 போட்டது, அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை

வாசகியின் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறப் பட்டணம் ஒன்றிலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் 43 வயதுப் பெண். செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டொரு விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

அவருடைய அம்மாவுக்கு 67 வயது. முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளை இடித்த பிறகு மகளோடு பட்டணத்து மலிவு வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டு, மழையானாலும் வெறுங்காலோடு அதில்தான் நிற்பார். பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). ஒரு மாதமாக இருமல், மாலையானால் உடம்புச் சூடு, உடம்பும் இளைத்துவிட்டது. கோலாலம்பூரில் இருக்கும் மகன் எடுத்துக் கொடுத்த காப்புறுதி அட்டையோடு, ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்த சில நிமிடங்களில், படத்தைப் படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் முடிவோடு மருத்துவரின் திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் மேல்பகுதியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு, ஓரத்தில் 91 என்ற எண். “கம்ப்யூட்டர் டிபி என்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன்” என்றார் மருத்துவர். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கடிதம் ஒன்பது நாளாக நாள்காட்டிக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. “கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி எதற்கு அலைவது? நெஞ்சு வெந்துபோனதைத்தான் படத்தில் பார்த்தேனே” என்று அம்மா எங்கும் வர மறுக்கிறார். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பேரனைத் தூக்குவதில்லை. மாலையில் பேச வரும் பக்கத்து வீட்டு அம்மாளும் வருவதில்லை.

இதற்கிடையில் தம்பி எக்ஸ்ரே படத்தைத் தொலைபேசியில் படம்பிடித்து, அதிலுள்ள உரையாடல் செயலியிடம் கேட்டிருக்கிறார். காசநோயாகவும் இருக்கலாம், நுரையீரல் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று அது பதில் சொன்னதாம். இப்போது தம்பிக்கு மருத்துவமனை மீது வழக்குப் போட வேண்டும். முகப்பில் அம்மா கையெழுத்திட்ட படிவத்தை மகள் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், “படங்கள் அமைப்பின் மேம்பாட்டுக்காக மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்” என்று மலாயில் ஒரு வரி இருக்கிறது.

அவர் கேட்பவை: அம்மாவுக்குக் காசநோய் வர 91 விழுக்காடு வாய்ப்பா? எங்களைக் கேட்காமல் இயந்திரத்தை வைத்துப் பார்க்க மருத்துவமனைக்கு உரிமை உண்டா? படம் எங்கே போகிறது? எங்கோ வெள்ளைக்காரர்களின் நெஞ்சைப் பார்த்துப் படித்த இயந்திரத்துக்கு எங்கள் அம்மாவின் நெஞ்சு புரியுமா?

பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “அம்மாவுக்குப் பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு நெஞ்சுச் சளிக்காகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள் என்று பாட்டி சொல்வார், அவ்வளவுதான்.” இந்த வரியை நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சளிக்கு யாரும் மாதக்கணக்கில் ஊசி போடமாட்டார்கள். என் அப்பா சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். கலங்கிய நிறத்தில் ஒரு மிக்சரைக் காய்ச்சலுக்கும் கொடுப்பார், வயிற்று வலிக்கும் கொடுப்பார், வேலைக்குப் போக மனமில்லாதவருக்கும் கொடுப்பார். ஆனால் ஊசி போட வரிசையில் நிற்கும் சிலர் மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார்கள். அது காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 1961-இல் தொடங்கிய தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் காலம் அது. ஆறு மாதத்தில் முடியும் இன்றைய மாத்திரை முறை அப்போது வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு ‘டிபி’ என்று யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். வீட்டில் ‘நெஞ்சுச் சளி’ என்பார்கள், அப்பாவும் சீட்டில் வாய்க்குள் முணுமுணுத்தபடி ஏதோ எழுதுவார். உங்கள் பாட்டியும் அப்படித்தான் சொல்லிவைத்தாரோ என்பது என் சந்தேகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவைக் கேட்டால் தெரிந்துவிடும்.

அந்தச் சந்தேகம் சரியென்றால் படத்தின் கதையே மாறிவிடுகிறது. ஆறிப்போன காசநோய் நுரையீரலின் மேல்பகுதியில்தான் பெரும்பாலும் தழும்பு விட்டுப் போகும். ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் அது எக்ஸ்ரேயில் தெரியும். அந்தத் தழும்பையும் இயந்திரம் காசநோய் என்று படிக்கக்கூடும். பழைய படம் எதையும் அது பார்க்கவில்லை, பாட்டி சொன்ன கதையையும் கேட்கவில்லை. இது என் ஊகம் மட்டுமல்ல. டாக்காவில் கிட்டத்தட்ட 24,000 பேரின் எக்ஸ்ரேக்களை ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களிடம் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மொத்தத்தில் அவை படம் படிக்கும் மருத்துவர்களை மிஞ்சின. அதே ஆய்வில், வயதானவர்களிடமும் முன்பு காசநோய் வந்து போனவர்களிடமும் அவற்றின் தடுமாற்றம் அதிகமாக இருந்தது. அம்மா இந்த இரண்டு வரிசையிலும் நிற்கிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ‘வெள்ளைக்காரர் நெஞ்சு’ என்ற கவலை பொதுவாக நியாயமானதுதான். ஆனால் காசநோய் பார்க்கும் மென்பொருள்கள் பல, காசநோய் மிகுந்த நாடுகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை, அங்கேயே சோதிக்கப்பட்டவை. இங்கே இடறுவது தோலின் நிறத்தில் அல்ல, அம்மாவின் வயதிலும் பழைய தழும்பிலும்.

தழும்பு என்ற வார்த்தையைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். பழைய காசநோய் மீண்டும் விழித்துக்கொள்ளும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒரு மாத இருமல், மாலைச் சூடு, இளைப்பு மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. படம் எடுக்காமலேயே என்னிடம் வந்திருந்தாலும் சளிப் பரிசோதனைக்குத்தான் அனுப்பியிருப்பேன். நம் நாட்டில் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலென்றாலே காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஆக, அந்த மருத்துவர் காட்டிய திசை சரி. அவர் போன விதம்தான் சரியில்லை.

91 என்ற எண்

91 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு காசநோய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருத்துவர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. அது அப்படியல்ல. தான் படித்த ஆயிரக்கணக்கான காசநோய்ப் படங்களோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு மென்பொருள் போடும் மதிப்பெண் அது. ஒரு நிறுவனத்தின் 91-ஐ இன்னொரு நிறுவனத்தின் 91-ஓடு ஒப்பிட முடியாது. அதே மென்பொருளின் அடுத்த பதிப்பு அதே படத்துக்கு வேறு மதிப்பெண் போடலாம். எந்த எண்ணுக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்ற கோட்டை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள்தாம் தங்கள் இடத்துக்கு ஏற்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிவப்புத் திட்டும் வெந்துபோன நெஞ்சின் படம் அல்ல. இயந்திரம் எந்த இடத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டது என்று நிறம் தீட்டிக் காட்டியிருக்கிறது. ஆலைக் கணக்கில் நீங்கள் ஒரு வரியை மஞ்சள் பேனாவால் தீட்டுவதில்லையா, அந்த மாதிரி. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அவர் பாதி உடைந்துபோயிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கிராணி என்பதால் உங்களிடம் ஒரு கணக்குச் சொல்லலாம். இத்தகைய முதல்கட்டச் சோதனைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல் இது: காசநோய் உள்ள 100 பேரில் 90 பேரையாவது பிடிக்க வேண்டும், இல்லாத 100 பேரில் 70 பேரையாவது சரியாக விட்டுவிட வேண்டும். இருமலோடு வந்த 1,000 பேரில் 20 பேருக்குக் காசநோய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இயந்திரம் அந்த 20 பேரில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 294 பேரையும் வீணாகச் சந்தேகப்படும். சந்தேகப் பட்டியலில் மொத்தம் 312 பேர், அவர்களில் உண்மையான நோயாளிகள் 18. நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

இதனால் இயந்திரம் பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். 1,000 பேருக்கும் சளிப் பரிசோதனை செய்வதற்குப் பதிலாக 312 பேருக்குச் செய்தால் போதும் என்று அது சொல்லிவிட்டது. எக்ஸ்ரே நிபுணர் எட்டிப் பார்க்காத ஊர்களில் இது பெரிய உதவி. அதனால்தான் 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான காசநோய் முதல்கட்டச் சோதனையில் மனிதருக்குப் பதிலாகவே இம்மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ‘மனிதர் பார்க்காமல் இயந்திரம் மட்டும் படித்தது குற்றம்’ என்ற உங்கள் தம்பியின் எண்ணம் அந்த அளவில் தவறு.

ஆனால் கோவில் மண்டபத்தில் முகாம் போட்டு, நன்றாக நடந்து வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும்போது செய்வது வேறு, நோவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் செய்வது வேறு. முகாமில் 91 வந்தால் “சளி கொடுத்துவிட்டுப் போங்கள்” என்று சொன்னால் போதும். மருத்துவர் அறையில் அந்த எண்ணைப் பார்த்ததும் “முன்பு நெஞ்சு நோய் வந்ததுண்டா? பழைய படம் இருக்கிறதா? சர்க்கரை எவ்வளவு? எங்கே வேலை செய்தீர்கள்?” என்ற கேள்விகள் வந்திருக்க வேண்டும். அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மருத்துவமனைகளில் செயற்கை நுண்ணறிவின் நெறி பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பெரிய சொற்களாக உதிரும். எனக்கு இந்த நான்கு கேள்விகள் கேட்கப்பட்டனவா என்பதுதான் நெறி.

அந்த மருத்துவரைத் திட்ட எனக்குக் கை வரவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 1990-களில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தேன். அப்போதே ஈசிஜி இயந்திரம் தாளின் தலையில் தன் முடிவை அச்சடித்துத் தரும். விடியற்காலை நான்கு மணி, முந்தின நாள் காலையிலிருந்து உறங்கவில்லை. நெஞ்சு வலியோடு வந்த லாரி ஓட்டுநரின் தாளில் ‘இயல்பு’ என்று அச்சடித்திருந்தது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வயதான மிஸ்ஸி (தாதி) ஒருவர் அந்தத் தாளைத் திருப்பி என் முன்னால் வைத்து, “டாக்டர், அவர் முகத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது தாளில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. அச்சடித்து வந்த எழுத்துக்குக் களைத்த மனிதன் தலைவணங்கிவிடுவான். அந்த மிஸ்ஸி இல்லாத அறையில்தான் உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தார்.

கேட்காமல் பார்க்கலாமா?

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தனிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று நம் நாட்டில் ஒரு விதியை நான் காட்ட முடியாது. 2024 செப்டம்பரில் அறிவியல் அமைச்சு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறி வழிகாட்டி இருக்கிறது. நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்று ஏழு கொள்கைகளை அது சொல்கிறது. ஆனால் விரும்பிப் பின்பற்றுவதற்கான வழிகாட்டி அது, மீறினால் தண்டிக்கும் சட்டம் அல்ல.

சட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி, நோயைக் கண்டறிய விற்கப்படும் மென்பொருளும் ஊசி, ஸ்கேன் கருவி போல ஒரு மருத்துவச் சாதனம்தான். மருத்துவச் சாதன ஆணையத்தில் அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். “நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் என்ன, பதிவு எண் என்ன, எந்த நோய்க்காகப் பதிவானது?” என்று மருத்துவமனையிடம் தயங்காமல் கேட்கலாம். மூன்றாவது கேள்விதான் முக்கியம். காசநோய்க்குப் பழக்கிய மென்பொருள் காசநோயைத்தான் தேடும். புற்றுநோயைப் பற்றி அது வாய் திறக்கவில்லை என்றால் புற்றுநோய் இல்லை என்று பொருளாகாது.

இந்த இடத்தில் உங்கள் கீரைப் பாத்தி எனக்கு நினைவுக்கு வருகிறது. மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது, நம் நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். இருமல், காய்ச்சல், இளைப்பு, எக்ஸ்ரே நிழல் எல்லாம் காசநோயைப் போலவே வேடம் போடும், ஆனால் காசநோய் மாத்திரைக்கு மசியாது. அம்மாவுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. வெறுங்காலோடு பாத்தியில் நிற்பவர் என்பதை அடுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்கிறேன்.

இயந்திரத்தின் முடிவு வேண்டாம், மனிதர் படித்துச் சொல்லட்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எக்ஸ்ரே நிபுணர் கையெழுத்திட்ட அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்காகச் சிகிச்சை தரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

படம் எங்கே போகிறது?

அம்மா கையெழுத்திட்ட படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது முறைகேடு என்று எழுதியிருக்கிறீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இரண்டு மொழிகளைத்தான் கேட்கிறது, தமிழைக் கேட்கவில்லை. சட்டத்தின் குறை அது, மருத்துவமனையின் குற்றமல்ல. ஆனால் சட்டம் விட்டதை மருத்துவரின் தொழில்நெறி பிடித்துக்கொள்கிறது. நோயாளிக்குப் புரியும்படி விளக்கிப் பெற்றால்தான் அது சம்மதம், இல்லாவிட்டால் வெறும் கையெழுத்து. முகப்பில் அவசரமாக நீட்டிய தாளில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் அம்மா போட்டது எது என்று உங்களுக்கே தெரியும்.

உடல்நலத் தகவல் அச்சட்டத்தின் கண்ணில் தனிக்காப்புக்குரியது. அம்மாவின் சிகிச்சைக்காக மருத்துவர் அதைப் பார்ப்பதில் தடையில்லை. ‘அமைப்பின் மேம்பாடு’, ‘மூன்றாம் தரப்பு’ என்ற சொற்கள் சிகிச்சையைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பகுதிக்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். தகவல் கேட்டு எழுதினால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போகும்போது இதே சட்டத்தைக் காட்டாதீர்கள், கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. அங்கே உங்களைக் காப்பது மருத்துவரின் இரகசியம் காக்கும் கடமை.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். படம் மருத்துவமனையிலிருந்து எங்கோ போய்விட்டதோ என்று ஒன்றரைப் பக்கம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தம்பி தொலைபேசியில் அனுப்பிய படத்தின் நகலை என் பார்வைக்கும் வைத்திருந்தீர்கள். அதன் மூலையில் அம்மாவின் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. மருத்துவமனை கொடுத்ததா என்பது இன்னும் நமக்குத் தெரியாது. தம்பி கொடுத்துவிட்டார். அன்பினால் செய்ததுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தச் செயலியின் அமைப்பில் உரையாடலை அழிக்கும் வசதி இருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அந்த உரையாடல் செயலி எக்ஸ்ரே படிப்பதற்கென்று பதிவான சாதனம் இல்லை. படத்தைப் படம்பிடித்தால் நிழலின் நுணுக்கமும் பாதி போய்விடும். “டிபியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்” என்று யாரும் எந்த மேல்நுரையீரல் நிழலுக்கும் சொல்லலாம். கிளி ஜோசியக்காரர்கூட இதைவிடத் துணிந்து சொல்வார்.

வழக்கு

இப்போதைக்கு வேண்டாம். கவனக்குறைவு வழக்குக்குத் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும். இதுவரை நேர்ந்தது மனக்காயம், அதோடு ஒன்பது நாள் தாமதம். அந்தத் தாமதத்தில் உங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு கால வரம்பு, அரசு மருத்துவமனை என்றால் 36 மாதம். அவசரம் இல்லை, தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘இயந்திரம் தவறினால் யார் பொறுப்பு, மென்பொருள்காரனா?’ என்று தம்பி கேட்டிருக்கிறார். 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ‘மருத்துவர் எங்கள் ஊழியர் அல்லர், தனித் தொழில் செய்பவர்’ என்று சொல்லித் தனியார் மருத்துவமனை நோயாளி மீதான தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது அதன் சாரம். மனிதரைக் காட்டி நழுவ முடியாதவர்கள் இயந்திரத்தைக் காட்டி நழுவுவது கடினம் என்பது என் வாசிப்பு. நான் மருத்துவன், வழக்கறிஞர் சொல்வதே முடிவு.

நியாயம் கேட்க வேண்டுமென்றால் குறைந்த செலவில் வழி இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனைச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் நோயாளி முறையீட்டுக்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் சுகாதார அமைச்சுக்கு எழுதலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அம்மாவைத் தனியாக, தம்பி இல்லாத நேரத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். “உனக்கு டிபி வந்ததா?” என்று கேட்காதீர்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பொத்தி வைத்ததை ஒரே கேள்வியில் பிடுங்க முடியாது. “அந்தக் காலத்தில் ஊசி போட்டார்களே, எந்த ஆஸ்பத்திரியில்? யார் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்?” என்று இடத்தையும் ஆளையும் கேளுங்கள், கதை தானாக வரும். எத்தனை மாதம், ஊசியோடு மாத்திரையும் உண்டா, பாதியில் நிறுத்தினார்களா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது மிகவும் தேவைப்படும்.

“கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது” என்று அம்மா மறுபடி சொன்னால், “அது கேள்விதான் கேட்டிருக்கிறது அம்மா, பதில் உன் சளியில் இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். தனியார் மருத்துவமனைக் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தின் குறுந்தட்டையும் எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் முதலில் பட்டணத்து அரசு கிளினிக்குக்கே போகலாம். சளிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்கும். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் போதாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில வாரம் பிடிக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம். சளியில் இரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

காசநோய்தான் என்று உறுதியானால் மருத்துவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அப்படி. அவர்கள் வீட்டுக்கு வந்தால் ஊர் பேசுமே என்று பயப்படுவீர்கள். அவர்கள் வருவது உங்களையும் குழந்தையையும் பரிசோதிக்கத்தான். மருந்து வழக்கமாக ஆறு மாதம். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை பெரும்பாலும் குறைந்துவிடும்.

தட்டு, டம்ளர் வழியாகக் காசநோய் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். தனித் தட்டை இன்று இரவே மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள், முடிவு தெரியும் வரை அம்மா முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், குழந்தை வேறு அறையில் தூங்கட்டும். கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள்: மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மா வழக்கம்போல முறுக்குச் சுட்டுக் கொடுக்கலாமா என்று. முறுக்கினால் நோய் பரவாது. முகக்கவசத்தோடு, காற்றோட்டமான பின்வாசலில் அடுப்பை வைத்து, உடம்பில் தெம்பு இருக்கும் மட்டும் சுடட்டும். அன்றாவது காலில் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.